பெயர் வரவேண்டிய இடம்

ஆண்டுக்கு ஒருமுறை திரையில் தோன்றி ஒரே ஒரு செய்தியைச் சொல்வதுதான் என் பணியில் ஊரார் கண்ணுக்குத் தெரிந்த பகுதி. "வாக்குகள் சரிபார்க்கப்பட்டன. முடிவை அறிவிக்கலாம்." இதற்கு மேல் ஒரு சொல்லும் நான் மேடையில் பேசியதில்லை.

உலகெங்கும் பரவி வாழும் தமிழர்களுக்கென ஒரு பாட்டுப் போட்டியை எங்கள் தொலைக்காட்சி நிறுவனம் நடத்திவந்தது. மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, மொரீசியஸ், கனடா, தமிழ்நாடு என ஒவ்வொரு நாடும் ஒரு புதிய பாடலையும் அதைப் பாட ஒருவரையும் அனுப்பும். அனைவரும் ஒரே மாலையில் ஒரே மேடையில் பாடுவர். பின்னர் அந்தந்த நாட்டு நடுவர் குழு, தன் நாட்டுப் பாடலை விலக்கிவிட்டு, மற்றவற்றுக்கு மதிப்பெண் இடும். செயற்கைக்கோள் வழியே ஒவ்வொரு நாடாக அழைத்து, மதிப்பெண்ணைக் கேட்டுப் பலகையில் ஏற்றுவோம். எல்லாம் நேரலை. பிழை நேர்ந்துவிட்டால் திருத்திக்கொள்ள இடமில்லை. ஆகவே எவர் பக்கமும் சாயாத ஒருவன் வேண்டியிருந்தது. அந்த ஒருவனாக நான் பல்லாண்டுகள் இருந்தேன்.

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் தொலைக்காட்சிப் பெட்டி விற்கும் இசுலாமிய நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. பள்ளியில் ஒரே வகுப்பு. தமிழ் படித்துச் செய்திகளின் மொழியைத் திருத்துவதற்காக அந்த நிறுவனத்தில் சேர்ந்த நான், கடைசியில் பாட்டுக்குக் காவல் நிற்பதில் அவருக்குத் தீராத வேடிக்கை.

"இன்னா புலவரே, ரெண்டு வார்த்த பேசறதுக்கு ஏரோப்ளேன் ஏறிப் போய்க்கினு வர. அதையே எங்கடையாண்ட நின்னு சொன்னீன்னா டீயாச்சும் வாங்கிக் குடுப்பேன்."

"சொல்வதற்கு முன் சரிபார்க்க வேண்டுமே."

"கூட்டிக் கழிக்கறதுக்கு எங்கடை கால்குலேட்டரு போதும்பா. அது சம்பளமும் கேக்காது, தூய தமிழும் பேசாது."

போட்டிக்கான விதிகளை வகுத்தவனும் நானே. அவற்றுள் ஒன்றை இங்குச் சொல்லியாக வேண்டும். மேடையில் நிற்பவர் எவரும் தனியொருவரை விளித்து எதுவும் பேசலாகாது. முதலாண்டில் ஒருவர் நோயுற்ற தம் தாயை நினைத்து இரண்டு சொற்கள் சொல்லி அழுதார். நடுவர்கள் பாட்டை மறந்து கண்ணீருக்கு மதிப்பெண் இட்டார்கள். அதன் பிறகு எழுந்த விதி இது. பாட்டினுள் வரும் சொற்களுக்கு மட்டும் எவ்விதத் தடையும் இல்லை. பாட்டு பாடுபவரின் உடைமை என்பது என் கொள்கை.

ஓராண்டு, தமிழ்நாட்டின் பாடலைத் தேர்ந்தெடுக்கும் சுற்றொன்று என் ஊரிலேயே, ஒரு திருமண மண்டபத்தில் நடந்தது. தேர்வுக் குழுவினர் வேறு. நான் ஓரமாக அமர்ந்து முறை பிறழாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையிசையைப் போலவே பாட முயன்ற பலரையும் கேட்டுக் குழுவினர் சோர்ந்திருந்த வேளையில், கல்வராயன் மலையிலிருந்து, வெள்ளிமலைக்கும் அப்பாலுள்ள சிற்றூரிலிருந்து, ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். காலைப் பேருந்து மலைப்பாதையில் பழுதாகி நின்றுவிட்டதால் பாதி வழி சாமை மூட்டை ஏற்றிய வண்டியில் வந்ததாகச் சொன்னாள். புடவை மடிப்பில் உமி ஒட்டியிருந்தது. துணைக்கு வந்திருந்த நாத்தனார், கணவனின் தங்கை, போட்டியாளர் மட்டுமே உள்ளே வரலாம் என்று தடுக்கப்பட்டு வாசலிலேயே நின்றாள்.

"என்ன பாட்டும்மா பாடப் போறீங்க?" என்று குழுவினர் கேட்டனர்.

"கூப்புடற பாட்டு சார்."

மலையில் மாலை மஞ்சு இறங்கினால் எதிரே நிற்கும் மாடும் தெரியாது. வெளியே சென்ற ஆண் திரும்பவில்லையென்றால், பெண்கள் மேட்டு விளிம்பில் நின்று பாட்டாகக் கூப்பிடுவார்களாம். குரல் வரும் திசையைப் பிடித்துக்கொண்டு அவன் வீடு சேர்வானாம். அந்த மெட்டில், தானே கட்டிய சொற்களை அவள் பாடினாள்.

சாமை முத்திச் சாஞ்சி போச்சி, அறுக்க ஆளில்ல,
சாயங்கால மஞ்சு மூடி வழியும் தெரியல,
காடு மேடு கேக்கும்படி கூப்புடுறேன் நான்,
கடலத் தாண்டிப் போனாலும் திரும்பி வந்திடு...

அந்த முதற்பகுதி முடிந்ததும் குழுவினர் கையுயர்த்தி நிறுத்தினர். தேர்வில் அவ்வளவுதான் கேட்பது வழக்கம். அடுத்த பகுதியைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டார்கள் என்பது அவர்கள் முகங்களில் தெரிந்தது.

வெளியே வந்தபோது அவளிடம் வாழ்த்துச் சொன்னேன். அவள் வேறொன்றைக் கேட்டாள்.

"சார், ஜெயிக்கறதுக்கு நான் வரல. இது மலேசியாவுல தெரியுமாமே, நெசமா?"

தெரியும் என்றேன். அங்கேதான் இவ்வாண்டு போட்டி என்றும் சொன்னேன். அவள் நாத்தனாரைப் பார்த்தாள். மிச்சத்தை நாத்தனார் சொன்னாள்.

"எங்கண்ணன் சார். ஒரு மேஸ்திரி லாரில ஏத்திக்கினு போனான், ஆந்திராப் பக்கம் மரம் வெட்ட. கூடப் போனவங்க எல்லாம் ஒவ்வொருத்தரா வந்துட்டாங்க. இவரு மட்டும் வரல. கேட்டா, கப்பலேறி மலேசியா போய்ட்டாரு, எஸ்டேட்டுல கீறாருன்றான்."

"யார் சொன்னது?"

"அதே மேஸ்திரிதான்."

"நீ நம்புகிறாயா அம்மா?"

நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். "இவ நம்பறா சார்."

நான் விதியை விளக்கினேன். மேடையில் நின்று கணவருக்கென்று தனியே எதுவும் சொல்ல இயலாது. பாட்டுக்குள் எது வந்தாலும் தடையில்லை. அவள் வருந்துவாள் என்று எதிர்பார்த்தேன். முகம் மலர்ந்தது.

"தனியா எதுக்கு சார் சொல்லணும்? பாட்டுலயேதான் வருதே. அவருக்குக் கேட்டாப் போதும். கேட்டா வந்துடுவாரு."

பாடலின் முழு வடிவத்தை எழுதி எல்லா நாடுகளுக்கும் அனுப்ப வேண்டும் என்பதால், நாத்தனார் கடைசிப் பேருந்தை விசாரிக்கச் சென்றிருந்த நேரத்தில், அவள் சொல்லச் சொல்ல நானே எழுதினேன். முதற்பகுதியின் இறுதியடியில் 'வந்திடு' என்ற சொல்லுக்குப் பின் அவள் நிறுத்தினாள். இங்கே என்ன என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். கணவன் பெயர் வரும் இடம் என்று புரிந்தது. கட்டியவள் வாயால் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. என் மனைவியும் இறுதிவரை என் பெயரைச் சொன்னதில்லை. அவர் கடைசியாகப் படுத்திருந்த மருத்துவமனையில் செவிலி "வூட்டுக்காரர் பேர் இன்னாம்மா?" என்று கேட்டபோது, பேசவே முடியாத அந்த நிலையிலும் விரலால் என்னைச் சுட்டிக் காட்டினாரேயன்றிச் சொல்லவில்லை. எனவே அப்பெண்ணின் மௌனத்தை நான் மேலும் கிளறவில்லை. அந்த இடத்தில் மூன்று புள்ளிகள் இட்டேன். புள்ளிகளோடு அந்தப் பாடல் ஆறு நாடுகளுக்கும் சென்றது.

நாத்தனாருக்குக் கடவுச்சீட்டு உரிய காலத்தில் கிடைக்கவில்லை. பாட வேண்டியவள் தனியாகவே கோலாலம்பூர் வந்தாள். விடுதியின் உயர்மாடிச் சன்னலில் நின்று, கீழே தெரிந்த சாலையில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். எஸ்டேட் எந்தப் பக்கம் என்று பரிமாறுபவரிடம்கூடக் கேட்டாள். அவர் எல்லாப் பக்கமும் கை காட்டினார்.

ஒத்திகையில் அவளுக்குப் பின்னணிக் குரலாக அந்நகரத்துத் தமிழ்ப்பெண்கள் நால்வர் நின்றனர். அதே அடியில் 'வந்திடு' என்று அவள் நிறுத்தினாள். ஒரு மூச்சளவு காத்தாள். பிறகு அடுத்த வரிக்குச் சென்றாள். எங்கள் இசையமைப்பாளர் சென்னைக்காரர். எதிலும் புதுமை தேடுபவர். துள்ளிக் குதித்தார்.

"அந்த கேப்ப அப்படியே வெச்சுக்கங்கம்மா! தவிலும் நிக்கட்டும், வயலினும் நிக்கட்டும். சும்மா உலுக்கிடும் பாருங்க."

அவள் தலையசைத்தாள். இசைக்குறிப்பில் அவ்விடம் வெற்றிடமாகப் பதிந்தது.

போட்டி நாள் மாலையில் அரங்கம் நிறைந்திருந்தது. மேடையின் பின்புறம், பலகைக்கு அருகில், என் மேசை. அவள் பாடிய முதல் அடியிலேயே அரங்கின் சலசலப்பு அடங்கிவிட்டது. மஞ்சு இறங்குவதைக் காட்ட மேடையில் புகை விட்டிருந்தார்கள். அது வேண்டாத அலங்காரம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவள் அதன் நடுவே, கண்ணைச் சுருக்கி, எட்டாத் தொலைவில் நிற்பவனை நோக்குபவளாகவே பாடினாள். முதற்பகுதியின் இறுதியடி வந்தது. கடலைத் தாண்டிப் போனாலும் திரும்பி வந்திடு. தவில் நின்றது. வயலின் நின்றது.

அவள் முகத்தைத் திருப்பிப் பின்னால் நின்ற பெண்களைப் பார்த்தாள்.

அவர்கள் குறிப்பின்படி அசையாது நின்றனர். அவள் காத்தாள். ஒத்திகையில் காத்த அளவைத் தாண்டியும் காத்தாள். இசையமைப்பாளர் கையை உயர்த்தியபடியே உறைந்து நின்றார். என் காதிலிருந்த கருவியில் இயக்குநர், "இன்னாச்சு, சவுண்டு போயிடுச்சா?" என்று அலறினார். அவளுடைய உதடுகள் ஒருமுறை பிரிந்தன, மூடிக்கொண்டன. பிறகு தவில் தானாகவே எடுத்தது. எஞ்சிய வரிகளை அவள் பாடி முடித்தாள். குரலில் கூப்பிடும் வலு இல்லை. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அந்த மௌனத்தைப் பேரழகு என்று தொகுப்பாளர் புகழ்ந்தார்.

மதிப்பெண் அளிக்கும் பகுதி தொடங்குமுன் விளம்பர இடைவேளை. ஒலிபெருக்கிப் பெட்டிகள் அடுக்கியிருந்த நடைவழியில் அவள் தரையில் அமர்ந்திருந்தாள்.

"என்னம்மா ஆயிற்று?"

"யாருமே சொல்லல சார்."

"எதை?"

"அவரு பேர."

எனக்குப் புரியவில்லை. அவளுக்கோ எனக்குப் புரியாதது புரியவில்லை.

"பின்னால நிக்கறவங்க சொல்லணும் இல்ல சார்? எங்கூர்ல பாடறவ பாடுவா, பேரு வர்ற எடத்துல நிறுத்துவா, கூட நிக்கறவங்க எல்லாரும் ஒண்ணா சேந்து கத்திச் சொல்லுவாங்க. நாத்தனா இருந்தா அவ மொதல்ல எடுத்துக் குடுப்பா. அதானே சார் பாட்டே. அதில்லாட்டி யாரக் கூப்புடறதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"அந்தப் பெண்களிடம் நீங்கள் சொல்லவே இல்லையே அம்மா."

"இதப்போயி யாருனா சொல்லிக்கினு இருப்பாங்களா சார்? கூட நின்னா சொல்லித்தான் ஆவணும். பேருதான் உங்க தாளுல நாத்தனா எழுதிக் குடுத்துகிறாளே."

"ஒத்திகையிலும் எவரும் சொல்லவில்லையே?"

அவள் என்னைச் சற்று இரக்கத்தோடு பார்த்தாள். "அப்ப சொல்லக் கூடாது சார். ஆளு கேக்காத நேரத்துல சும்மா பேரக் கூப்புட்டா, அப்புறம் கூப்புடறப்ப வரமாட்டாங்க."

பிறகு அவளே கேட்டாள்: "ஜெயிச்சவங்க கடைசில திரும்பப் பாடுவாங்க இல்ல?"

ஆம். அது போட்டியின் வழக்கம். வென்ற பாடல் மீண்டும் ஒருமுறை முழுவதுமாக ஒலிக்க, நிகழ்ச்சி நிறைவுறும். வெற்றியை வேண்டி வராத பெண்ணுக்கு இப்போது வெற்றி ஒன்றே வழியாயிற்று.

பின்னணிப் பெண்களைத் தேடிச் சென்று, தேர்வின்போது நாத்தனார் எழுதித் தந்திருந்த விவரத்தாளில் இருந்த பெயரைச் சொன்னேன். பாட்டுக்குள் வருவதால் விதி குறுக்கே நிற்கவில்லை. அவர்களில் மூத்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ, எங்களுக்குத் தெரியாம போச்சே சார்! இப்ப சொல்லிருவோம் லா, நல்லா சத்தமாவே சொல்லிருவோம்." நால்வரும் அந்தப் பெயரை மூச்சுக்குள் சொல்லிப் பழகியபடி நின்றது இன்னும் என் கண்முன் இருக்கிறது. ஒரு மலைச்சிற்றூர்க்காரனின் பெயர், மண் வாசனையோடு, முகப்பூச்சு மணக்கும் அந்த நடைவழியில் திரும்பத் திரும்ப முணுமுணுக்கப்பட்டது.

பல்லாண்டுகள் அந்த மேசையில் அமர்ந்திருந்தவனுக்கு அன்றுதான் எண்கள் கனத்தன. சிங்கப்பூர் அவளுக்கு உயர்ந்த மதிப்பெண் தந்தது. இலங்கையும் தந்தது. அவள் பெயர் பலகையில் முதலிடத்துக்கு ஏறியது, இறங்கியது, மீண்டும் ஏறியது. கடைசி நாட்டை அழைத்தபோது அவளும் கனடாவிலிருந்து வந்த இளைஞனும் ஏறக்குறையச் சமமாக நின்றனர். அந்த நாட்டு நடுவர் குழுவின் தலைவி இனிய குரலில் தம் மதிப்பெண்களை வாசித்தார். அவளுக்கு மிகக் குறைவு. பாடல் நடுவில் தடைப்பட்டுவிட்டது என்பது அவர்கள் எழுதியிருந்த காரணம். அது பொய்யுமன்று. தடைப்பட்டது உண்மைதான்.

பலகையில் ஏறியதில் ஐயமிருந்தால் அந்நாட்டை மீண்டும் அழைத்துக் கேட்க எனக்கு உரிமை உண்டு. அழைத்தேன். பிழை இருக்க வேண்டுமென்று என் பணிவாழ்வில் நான் விரும்பியது அந்த ஒரு முறைதான். பிழையில்லை. கூட்டினேன், மறுபடியும் கூட்டினேன். சரியாகவே இருந்தது. கனடா இளைஞன் உண்மையாகவே நன்றாகப் பாடியிருந்தான். அவனைக் குறைசொல்ல எதுவுமில்லை.

"ஐயா, முடிவு ஆயத்தமா?" என்றார் தொகுப்பாளர். ஒளிப்பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கு எரிந்தது. திரைமறைவில் அவள் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் அந்த நால்வர். நான் என் வாக்கியத்தைச் சொன்னேன்.

"வாக்குகள் சரிபார்க்கப்பட்டன. முடிவை அறிவிக்கலாம்."

இளைஞன் மீண்டும் பாடினான். திரைமறைவில் அவள் மற்றவர்களோடு சேர்ந்து தாளத்துக்குக் கைதட்டிக்கொண்டிருந்தாள். கைகள் மட்டும் தட்டின.

மறு ஒளிபரப்பில் அந்த மௌனமும் இல்லை. ஒலியற்ற நொடிகளைப் பழுதென்று எண்ணி மக்கள் வேறு அலைவரிசைக்குப் போய்விடுவார்கள் என்பது எங்கள் தொழிலின் நிலையான அச்சம். படத்தொகுப்புக் குழுவினர் அவ்விடத்தை வெட்டி ஒட்டிவிட்டனர். 'வந்திடு' என்ற சொல்லையடுத்து உடனே தவில் எடுத்தது. பெயர் வரவேண்டிய இடமே அதில் இல்லாமற் போயிற்று.

ஊர் திரும்பியபோது கடைக்கார நண்பர் வழக்கமான கேலியோடு வரவேற்கவில்லை. இறுதிப் போட்டியை மலை மக்கள் பார்க்க வேண்டுமென்று, அவர் தாமே பெரிய பெட்டியொன்றையும் வட்டத் தட்டு அலைவாங்கியையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அவள் ஊருக்குச் சென்றிருக்கிறார்.

"ஊரு மொத்தமும் ஒக்காந்துகினு கீறாங்க. அந்தப் பொண்ணு பாடுது. ஒரு எடத்துல நிறுத்திச்சி பாரு..." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவ்ளோதான்பா. நாத்தனாக்காரி எழுந்து நின்னு டிவியப் பாத்து அந்தாளு பேரச் சொல்லிச்சி. பின்னாலயே ஊரே கத்திச்சி. ஆம்பள, பொம்பள, கெழவன், எல்லாம். கரெக்டா அந்த எடத்துல. நானும் கத்திட்டேன்பா, ஆளு யாருன்னே தெரியாம."

"அவள் திரும்பிப் பார்த்துக் காத்த இடத்திலா?"

"அதே எடத்துலதான். அது பாக்குது, இவங்க சொல்றாங்க. நேர்ல நிக்கறாப்புலயே இருந்துச்சி."

சில நாட்கள் கழித்து இருவரும் வெள்ளிமலைக்குப் பேருந்தில் சென்று, அங்கிருந்து நடந்தோம். சாமை அறுப்பு முடிந்து காடு வெறிச்சென்று கிடந்தது. அவள் களத்தில் கதிர் தட்டிக்கொண்டிருந்தாள். நாத்தனார் எங்களுக்கு நீர் கொண்டுவந்தாள். கணவனிடமிருந்து எவ்விதச் செய்தியும் இல்லை என்பதைக் கேட்காமலே தெரிந்துகொண்டோம். இன்றுவரை இல்லை.

நான் ஆறுதலாகச் சில சொற்கள் அமைத்து வைத்திருந்தேன். அவள் அவற்றுக்கு இடம் தரவில்லை.

"சார், இங்க எல்லாரும் சொன்னாங்களாம். நாத்தனா மொதல்ல எடுத்துக் குடுத்தாளாம், நான் நிறுத்தின எடத்துலயே. பாய் இருந்தாராம், கேட்டுப் பாருங்க."

"ஆமாம்மா," என்றார் நண்பர். "கரெக்டா அந்த எடத்துல."

"அப்ப பேரச் சொல்லியாச்சி." கையிலிருந்த உமியைத் தட்டிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். "அதுலயே போயிருக்கும் இல்ல சார்? எம்பாட்டு அங்கேந்து அதுல இங்க வருதுன்னா, இவங்க சொன்னதும் அதுல அங்க போயிருக்கும் இல்ல?"

தொலைக்காட்சிப் பெட்டி வாங்கிக்கொள்ளும். எதையும் திருப்பி அனுப்பாது. அதற்கு நிகழ்ச்சி செய்து அனுப்பும் நிறுவனத்தில் முடி நரைத்தவன் நான். அதை விற்றுப் பிழைப்பவர் என் அருகில் நிற்பவர். நாத்தனாருக்கும் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு அப்பால் நகர்ந்தாள். கேட்டவளுக்கே தெரிந்திருந்ததோ என்னவோ, நான் அறியேன். என் வாயிலிருந்து வரும் சொல் சரிபார்க்கப்பட்டதாக இருக்கும் என்பதை மட்டும் அவள் மேடைக்குப் பின்னே நின்று பார்த்திருந்தாள்.

நண்பர் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போயிருக்கும் அம்மா," என்றேன்.

"அப்ப சரி," என்று அவள் அடுத்த கட்டுக் கதிரைப் பிரித்தாள்.